உப்புத் தண்ணீர் ஊரில் செராமிக் கோட்டிங்

காரின் பெயிண்டுக்கு மேல் எதையாவது பூசிக் காக்க வேண்டுமா, பூசினால் எதைப் பூசுவது என்ற கேள்விக்கு ஏறக்குறைய காரின் வயதே ஆகிறது. முதலில் மெழுகு என்றார்கள். பிறகு டெஃப்ளான் வந்தது. இப்போது செராமிக். புது வண்டியின் சாவியைக் கையில் வாங்குவதற்கு முன்பே ஷோரூமில் இந்தப் பேச்சு தொடங்கிவிடுகிறது. டீடெய்லிங் கடைகள் பல ஆயிரங்களில் சொல்லும் வேலையைச் செய்துதருவதாகச் சொல்லி, அதில் சிறு பங்கு விலைக்கு ஆன்லைனில் 30 மில்லி, 50 மில்லி பாட்டில்களும் கிடைக்கின்றன. அதனால் பழைய கேள்வியோடு புதிதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது: இதை வீட்டிலேயே பூசிக்கொள்ள முடியாதா?

திருப்பூர் வட்டாரத்தில் இதைக் கேட்கும்போது விடை கொஞ்சம் மாறுகிறது. ஒரு பரப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலம் ஏற்றி அதன் குணத்தை மாற்றுவது இங்கே பின்னலாடைத் தொழிலின் ஃபினிஷிங் பிரிவில் அன்றாட வேலை. தண்ணீரில் உள்ள உப்பு ஒரு பரப்பை என்ன செய்யும் என்பதையும் இந்த ஊர் பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. கோட்டிங் விளம்பரங்களோ எல்லா ஊரிலும் ஒரே தண்ணீர் வருவதுபோல எழுதப்படுகின்றன. இந்தக் கட்டுரை பல்வேறு நிலைப்பாடுகளை இந்த இடைவெளியிலிருந்தே பார்க்கிறது.

மெழுகின் காலமும் கிளியர் கோட்டின் வருகையும்

மெழுகை முன்வைத்தவர்கள் தங்கள் காலத்துப் பெயிண்டை வைத்துச் சரியாகவே பேசினார்கள். 1920களில் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் பரப்பிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், அதன் பின் வந்த எனாமல் எல்லாவற்றிலும் நிறமி வெயிலுக்கு நேரடியாக முகம் காட்டியது. அம்பாசிடர், பத்மினி ஓடிய நாட்களில் சில வருட வெயில் பட்ட வண்டியைத் துடைத்தால் வண்டியின் நிறம் துணியில் வந்துவிடும். சாயம் போகும் துணிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ரப்பிங் போட்டு வெளுத்த மேல்தோலை எடுத்து, மெழுகால் மூடுவதுதான் அன்றைக்கு இருந்த வழி. பிரேசிலின் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா, இயற்கை மெழுகுகளில் கடினமானது. 82 முதல் 86 டிகிரி செல்சியஸில் உருகும். அதோடு எண்ணெயும் கரைப்பானும் கலந்துதான் பாலிஷ் டப்பாவில் அடைக்கிறார்கள். சித்திரை வெயிலில் நிற்கும் அடர்நிற பானெட் கையை வைக்க முடியாதபடி சுடும். அந்தச் சூட்டில் மெழுகுப் படலம் மாதக்கணக்கில் நிற்பது கடினம். மெழுகின் முக்கியப் பலவீனம் இதுதான். மற்றபடி மலிவானது, தவறு செய்தாலும் துடைத்துவிடலாம்.

1980களில் நிறத்தின் மேல் நிறமில்லாத கிளியர் கோட் பரவலானபோது கேள்வியின் அடித்தளமே மாறியது. இன்றைய காரில் துருத்தடுப்பு அடிப்பூச்சு, பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான் வரை இருக்கும். அதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருட்களைத் தொழிற்சாலையிலேயே அதில் கலந்துவிடுகிறார்கள். இங்கிருந்துதான் “எதையும் பூச வேண்டாம், ஒழுங்காகக் கழுவினால் போதும்” என்ற நிலைப்பாடு பிறந்தது. கோட்டிங் விற்பவர்கள் இதைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் வெயிலைப் பொறுத்தவரை இந்த வாதம் வலுவானது. பறவை எச்சம், மரப்பிசின், துடைப்பதால் விழும் கீறல் என்று வரும்போதுதான் அது தடுமாறுகிறது. எச்சம் சூடான கிளியர் கோட்டில் ஓரிரு நாள் கிடந்தாலே தடம் பதிக்கக்கூடும்.

டெஃப்ளான்: பெயரால் விற்ற பூச்சு

இந்தியாவின் ஷோரூம்களில் பல ஆண்டுகள் ‘டெஃப்ளான் கோட்டிங்’ என்பதே பேச்சாக இருந்தது. டெஃப்ளான் என்ற பெயரில் விற்கப்படும் பாலிடெட்ராஃப்ளூரோஎத்திலீனை 1938இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்தார். அதன் உருகுநிலை 327 டிகிரி. தோசைக்கல்லில் அது ஒட்டுவதற்கு அதைவிட அதிகச் சூட்டில் வேகவைக்க வேண்டும். காரின் பெயிண்டை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால் பெயிண்டே மிஞ்சாது. ஆக, அந்தப் பூச்சுகள் பளபளப்பும் வழவழப்பும் கொடுத்திருந்தால் அதில் பெரும்பங்கு அவற்றோடு கலந்திருந்த சிலிக்கோன்களுடையது என்று கொள்வதே பொருத்தம்.

அந்தச் சிலிக்கோன் குடும்பம் திருப்பூருக்குப் புதிதல்ல. பின்னலாடைத் துணிக்கு வழவழப்பான கைப்பதம் தரும் அமினோ சிலிக்கோன் சாஃப்ட்னரும், கார் பாலிஷ்களில் படலத்தை ஒட்டி நிறுத்தும் அமினோ சிலிக்கோனும் நெருங்கிய உறவினர்கள். சில முறை துவைத்தபின் டி-ஷர்ட்டின் மென்மை குறைவதுபோல, சில மாதக் கழுவல்களில் இந்தப் படலமும் போய்விடுகிறது. பெயிண்டிங் பட்டறைக்காரர்களுக்கு வேறொரு குறையும் உண்டு. சிலிக்கோன் மிச்சம் இருக்கும் இடத்தில் மறுபடி பெயிண்ட் அடித்தால் மீன்கண் போலச் சிறு குழிகள் விழும்.

செராமிக்: சொல்வதும் இருப்பதும்

செராமிக் கோட்டிங் என்று விற்கப்படுவது பீங்கான் அல்ல. பாலிசிலசேன், சிலோக்சேன் போன்ற சிலிக்கான் சேர்மங்களைக் கரைப்பானில் கலந்த திரவம் அது. பூசியதும் கரைப்பான் ஆவியாகிறது. மிஞ்சியது காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, சிலிக்கான்-ஆக்சிஜன் வலைப்பின்னலாக இறுகி, கிளியர் கோட்டைப் பற்றிக்கொள்கிறது. ஜப்பானில் இதைக் கண்ணாடிப் பூச்சு என்றே அழைக்கிறார்கள். அந்தப் பெயர் உண்மைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. மெழுகைப் போல இது வெயிலில் உருகி ஓடாது. ஷாம்பு, லேசான அமிலம், பெட்ரோல் துளி ஆகியவற்றை மெழுகைவிட நன்றாகத் தாங்குகிறது. ஒருமுறை இறுகியபின் எடுக்க வேண்டுமானால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பலமும் சிக்கலும் இந்த ஒரே குணத்திலிருந்து வருகின்றன.

விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது ‘9எச் கடினம்’ என்ற சொற்றொடர். வைரத்துக்கு 10, மணலில் உள்ள குவார்ட்ஸுக்கு 7 என்று போகும் மோஸ் அளவுகோலின் 9 இது என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். விற்பவர்களும் அதைத் திருத்த அவசரப்படுவதில்லை. உண்மையில் இது பென்சில் அளவுகோல். 9பி முதல் 9எச் வரையான பென்சில்களைக் குறிப்பிட்ட கோணத்தில் அழுத்தி இழுத்து, எந்தப் பென்சில் கீறுகிறது என்று பார்க்கும் பெயிண்ட் துறைச் சோதனை அது. 9எச் பென்சிலும் கிராஃபைட்டும் களிமண்ணும்தான். அது கீறாத பரப்பைச் சாலைத் தூசியில் உள்ள குவார்ட்ஸ் துகள் தாராளமாகக் கீறும். படலத்தின் தடிமனும் ஒரு மைக்ரான் அளவில்தான். பல பொருட்களில் அதைவிடக் குறைவு. அவ்வளவு மெல்லிய படலத்தில் அழுத்தும் பென்சில், அடியில் இருக்கும் கிளியர் கோட்டையும் சேர்த்தே சோதிக்கிறது.

பளபளப்பு பற்றிய வாதத்திலும் ஒரு கணக்குப் பிசகு இருக்கிறது. கோட்டிங்குக்கு முன் மெஷின் பாலிஷ் போட்டுக் கீறல்களை எடுப்பது வழக்கம். காம்பவுண்ட் வைத்து ஒருமுறை தேய்த்தால் கிளியர் கோட்டில் ஓரிரு மைக்ரான் போகலாம். ஆக, ஒரு மைக்ரான் படலத்தை ஏற்றுவதற்காக அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ கிளியர் கோட்டை இழக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் கண்ணாடிப் பளபளப்பில் பெரும்பகுதி இந்தத் தேய்ப்பால் வந்தது. கோட்டிங் அதைக் கொஞ்ச காலம் பிடித்துவைக்கிறது. ஒருமுறை இப்படிச் செய்வதில் பிழையில்லை. ‘ஆண்டுப் பராமரிப்பு’ என்ற பெயரில் ஒவ்வொரு வருடமும் பஃபிங் போடும் திட்டங்களைத்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

கல் தெறிப்புக்கும் இதில் பாதுகாப்பு இல்லை. அதற்கென்று வாதாடுபவர்கள் பிபிஎஃப் என்னும் பாலியூரிதேன் ஃபிலிமைக் காட்டுகிறார்கள். ஹெலிகாப்டர் விசிறி முனைகளை மணலிலிருந்து காக்க அமெரிக்க ராணுவத்துக்காக உருவான பொருளின் வாரிசு அது. 150 முதல் 200 மைக்ரான் தடிமன் இருப்பதால் அதன் வாதம் இயற்பியல்ரீதியில் நேர்மையானது. விலை மட்டும் செராமிக்கைப் போலப் பல மடங்கு; வீட்டில் ஒட்டும் வேலையும் அல்ல.

தண்ணீர் முத்தாக நிற்கும்போது

செராமிக்கின் அடையாளமே தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு ஓடுவதுதான். நல்ல படலத்தில் துளியின் தொடுகோணம் பொதுவாக 100 முதல் 110 பாகை வரை இருக்கும். தாமரை இலையில் அது 150ஐத் தாண்டும். அதனால் காரில் எல்லாத் துளிகளும் உருண்டு விழுவதில்லை. பானெட், டாப் போன்ற கிடைமட்டப் பரப்புகளில் கணிசமானவை அப்படியே நிற்கும். மழைத் தண்ணீரானால் கவலை குறைவு. போர்வெல் தண்ணீரானால் கதை வேறு.

கொங்கு மண்டலத்தின் இந்தப் பகுதி மழை மறைவுப் பிரதேசம்; அடியில் கடினப் பாறை. ஆயிரம் அடியைத் தொடும் போர்வெல்கள் இங்கே சாதாரணம். குடிக்க நல்ல தண்ணீர், மற்ற வேலைக்குச் சப்பைத் தண்ணீர் என்று வீடுகளில் இரண்டு குழாய் இருப்பதற்குக் காரணம் இதுதான். இயற்கையாகவே உப்பேறிய நிலத்தடி நீரோடு சாயப்பட்டறைக் கழிவும் சேர்ந்தது. ரியாக்டிவ் சாயம் ஏற்ற சோடியம் சல்பேட்டும் சாதா உப்பும் பெருமளவில் தேவை. சாயம் துணியில் தங்கினாலும் உப்பு தண்ணீரோடு போய்விடும். நொய்யல் ஆற்றின் குறுக்கே 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் கழிவு தேங்கும் இடமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு கழிவு ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு, எதிர்ச் சவ்வூடு பரவலும் (ஆர்ஓ) ஆவியாக்கலும் கொண்ட சுத்திகரிப்பு நிலையங்களுக்கு, தொழில் மாற வேண்டியிருந்தது. நிலத்தில் இறங்கிய உப்பு அவ்வளவு வேகமாக வெளியேறுவதில்லை.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் (டிடிஎஸ்) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியில்லாதபோது 2000 வரை அனுமதி. இந்த மேல் எல்லையில் உள்ள தண்ணீரில் காரைக் கழுவி, கால் லிட்டர் மட்டும் பாடியில் தங்கிக் காய்ந்தாலும் அரை கிராம் உப்பு பெயிண்டின் மேல் மிஞ்சும். கோட்டிங் இல்லாத வண்டியில் அது மெல்லிய வெண்படலமாகப் பரவும். கோட்டிங் போட்ட வண்டியில் அதே உப்பு துளிகளுக்குள் ஒதுங்கி, துளி சுருங்கச் சுருங்கச் செறிந்து, அழுத்தமான வட்டத் தடங்களாக நிற்கும். விளம்பரத்தில் அழகாகத் தெரிகிற குணமே இந்தத் தண்ணீரில் தொல்லையாகிறது.

எல்லா உப்பும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோடியம் குளோரைடு தடம் நல்ல தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். சுண்ணாம்புத் தடம் கரையாது. வினிகர் போன்ற லேசான அமிலம் வேண்டும். சிலிகேட் தடம் அதற்கும் மசியாமல், கோட்டிங்கோடு உறவு கொண்டாடி ஒட்டிக்கொள்ளக்கூடும். எனவே டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண் பாதிச் செய்திதான். கடினத்தன்மை எவ்வளவு என்று தனியாகப் பார்க்க வேண்டும். சாயப்பட்டறை மாஸ்டர்களுக்கு இது பாலபாடம்.

இதை வைத்து எதிரெதிரான இரண்டு முடிவுகளுக்கு வருகிறார்கள். ஒரு சாரார், உப்புத் தண்ணீர் ஊரில் செராமிக்கே வேண்டாம், இரண்டு மாதத்துக்கொருமுறை மெழுகோ ஸ்ப்ரே சீலன்ட்டோ போட்டால் தடம் பதிந்தாலும் அந்தப் படலத்தோடு போய்விடும் என்கிறார்கள். மற்றவர்கள், தடத்தை எடுக்கப் பயன்படும் அமிலத்தைத் தாங்குவது செராமிக்தான், ஆகவே இங்கேதான் அது கூடுதலாகத் தேவை என்கிறார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. வெட்டவெளியில் நிறுத்தி, போர்வெல் தண்ணீரில் கழுவி, தானாகக் காயவிடும் வண்டிக்கு முதல் கருத்தே பொருந்தும் என்று தோன்றுகிறது. கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீரும், உடனே துடைக்கும் பழக்கமும் உள்ள வீட்டில் இரண்டாவது எடுபடும். அந்தக் கடைசி அலசலுக்கு ஒரு வாளி போதும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை; மழை நீரும் அப்படியே. ஆர்ஓ மெஷினின் கழிவுக் குழாய்த் தண்ணீரை வீணாக்காமல் பிடித்து வண்டி கழுவும் வழக்கம் நல்ல எண்ணத்தில் வந்தது. ஆனால் வடிகட்டியில் ஒதுங்கிய உப்பெல்லாம் இருப்பது அதில்தான்.

வீட்டிலா, கடையிலா

கடைக்காரர்களின் வாதம், மூடிய அறை, வெளிச்சம், கைப்பழக்கம் மூன்றும் இல்லாமல் இது சரியாக வராது என்பது. வீட்டில் செய்பவர்களின் வாதம், பாட்டிலில் இருப்பது ஏறக்குறைய ஒரே வேதிப்பொருள், கடையில் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு கூலிக்கு என்பது. இரண்டாவது வாதத்தை மறுப்பது கடினம். ஆனால் அந்தக் கூலி பூசுவதற்கு அல்ல, பூசும் முன் நடக்கும் வேலைக்கு என்பதை அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் ஷாம்பு போட்டுக் கழுவி, இரும்புத் துகளை எடுக்கும் திரவம் தெளித்து, கிளே பாரால் தேய்த்துச் சொரசொரப்பை நீக்க வேண்டும். தேவையானால் பாலிஷ். பிறகு நீர்கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். அதற்குப் பின்னரே பாட்டிலைத் திறப்பது. இரண்டடிக்கு இரண்டடி அளவில் குறுக்கும் நெடுக்குமாகப் பூசி, வானவில் போல நிறம் ஓடத் தொடங்கியதும் துடைத்துச் சமன்செய்ய வேண்டும். இந்த இடைவெளி குளிர்ந்த இடத்தில் ஒன்றிரண்டு நிமிடம். சூடும் ஈரப்பதமும் கூடினால் நொடிகளாகக் குறையலாம். தவறவிட்டால் திட்டாக இறுகும், பிறகு பாலிஷ்தான் கதி. முதல் நாள் தண்ணீர் படக் கூடாது. முழுதாக இறுக ஒரு வாரம் வரை ஆகலாம் என்றே பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

எப்போது செய்வது என்பதற்கு உள்ளூர் நாட்காட்டியே விடை சொல்லும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று, பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைப்பது போலவே தெருத் தூசியையும் கிளப்பும். அந்த மாதங்களில் திறந்த போர்ட்டிகோவில் பூசினால் தூசி படலத்துக்குள் சிக்கும். சித்திரை, வைகாசியில் பாடி சூடு. ஐப்பசியில் மழை. மார்கழி, தையில் பனி விலகிய பிறகான காலை நேரம், நிழலில், வண்டி குளிர்ந்திருக்கும்போது என்பதே இங்கே ஓரளவு வசதியான பொழுது. கையுறையும் காற்றோட்டமும் அவசியம். கரைப்பான் ஆவியோடு, பாலிசிலசேன் வகைகள் இறுகும்போது அம்மோனியாவும் வெளிவரும்.

முதல் முறை செய்பவருக்கு நடுவழி ஒன்று இருக்கிறது: சிலிக்கா கலந்த ஸ்ப்ரே. சில மாதம்தான் நிற்கும், தவறினால் பெரிய சேதமில்லை. வெள்ளை வண்டிக்கு அதுவே போதும் என்று சொல்லலாம். வட்டக் கீறல் கறுப்பு வண்டியில் தெரியும் அளவுக்கு அதில் தெரியாது.

பனியன் வேஸ்ட்டும் மைக்ரோஃபைபரும்

திருப்பூரில் வண்டி துடைக்கத் துணிக்குப் பஞ்சமே கிடையாது. கட்டிங் மேசையில் விழும் துண்டுகள் பனியன் வேஸ்ட் என்ற பெயரில் எடைபோட்டு நாடெங்கும் பட்டறைகளுக்குப் போகின்றன. நல்ல பருத்தி சிங்கிள் ஜெர்சி மென்மையானது, கீறாது என்பது உள்ளூர் நம்பிக்கை. துணியைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. சிக்கல் துணியோடு வருவதில் இருக்கிறது. ஓவர்லாக் ஓரமும் பாலியஸ்டர் நூல் தையலும் கடினம். மூட்டையில் கட்டித் தரையில் கிடந்த துண்டுகளில் தூசி ஏறியிருக்கும். பருத்தி பிசிறு விடும்; கோட்டிங் ஈரமாக இருக்கும்போது அந்தப் பிசிறு அங்கேயே ஒட்டும். ஃபினிஷிங்கில் சிலிக்கோன் சாஃப்ட்னர் ஏற்றிய துணியால் கோட்டிங்குக்கு முன் துடைத்தால், ஆல்கஹாலால் எடுத்த பசையைத் திரும்பப் பூசியதாகவும் ஆகலாம்.

மைக்ரோஃபைபர் என்பது பாலியஸ்டரும் பாலியமைடும் பெரும்பாலும் 80க்கு 20 அல்லது 70க்கு 30 விகிதத்தில் சேர்த்து, ஒவ்வொரு இழையையும் பல கீற்றுகளாகப் பிளந்தது. கீற்றுகளுக்கிடையே தூசி ஒதுங்குவதால் பெயிண்டில் உரசுவது குறைகிறது. சமன்செய்யக் குட்டை இழையும் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பக்கமும், ஈரம் ஒற்ற அதற்கு மேலும் என்று வாங்குவது வழக்கம். ஜிஎஸ்எம் கணக்கை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. துவைக்கும்போது சாஃப்ட்னர் சேர்க்கக் கூடாது. கோட்டிங் துடைத்த துணியைத் துவைத்து மறுபடி எடுக்கவும் கூடாது. அதில் இறுகிய சிலிக்கா அடுத்த முறை கீறும்.

எந்தப் பூச்சு போட்டாலும், தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரே துணியுமாக ஒருவர் வந்து தூசியோடு துடைத்துவிட்டுப் போனால் ஆறு மாதத்தில் வட்டக் கீறல்கள் வந்துவிடும். பூச்சுகளைப் பற்றி நடக்கும் விவாதத்தில் பாதியை இந்தப் பழக்கத்தைப் பற்றி நடத்தியிருந்தால் பல வண்டிகள் தப்பியிருக்கும்.

இன்னும் தீராதவை

எத்தனை வருடம் நிற்கும் என்பதில்தான் சான்றுகள் மிக மெலிவு. ‘மூன்று வருடம்’, ‘ஐந்து வருடம்’ என்ற எண்கள் பெரும்பாலும் தயாரிப்பாளரின் சொந்தச் சோதனையிலிருந்தோ விற்பனைப் பேச்சிலிருந்தோ வருகின்றன. படலம் போய்விட்டது என்று எப்போது சொல்வது என்பதிலேயே உடன்பாடு இல்லை. தண்ணீர் முத்தாகத் திரளாவிட்டால் போய்விட்டது என்கிறார் வாங்கியவர். மேலே அழுக்கு மூடியிருக்கிறது, அடியில் இருக்கிறது என்கிறார் விற்றவர். இருவரும் சரியாக இருக்கச் சாத்தியம் உண்டு. வாரண்டியோ அதே கடையில் செய்யும் ஆண்டுப் பராமரிப்போடு பல சமயம் கட்டிவைக்கப்படுகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை வரையறுத்து, அதற்கென ஓர் ஆணையத்தையும் அமைத்தது. 9எச் போன்ற கூற்றுகளை அந்த வரையறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ள வேலை.

வாட்டர் வாஷ் கடைகளின் காரத் திரவங்களைப் பற்றியும் தெளிவு குறைவு. சிலிக்கா வலைப்பின்னல் அமிலத்தைவிடக் காரத்தில்தான் பலவீனம் காட்டும். அதிகக் காரமுள்ள ஃபோமில் வாரம் ஒருமுறை கழுவும் வண்டியில், பாட்டிலில் போட்ட ஆயுள் எவ்வளவு மிஞ்சும் என்பதை ஆய்வுக்கூட எண்ணை வைத்து ஊகிக்க முடியாது. உப்புத் தண்ணீரின் குளோரைடு வண்டியின் அடிப்பகுதியில் துருவுக்குத் துணைபோவதும் மேல்பூச்சு விவாதத்தில் வருவதே இல்லை. பெயிண்டுக்குப் பல ஆயிரம் செலவழிக்கும் ஒருவர், அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுகிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

இங்கே தேவைப்படும் சோதனைக்குப் பெரிய கூடம் வேண்டியதில்லை. ஒரே நிறத்தில் பெயிண்ட் அடித்த தகடுகளில் மெழுகு, ஸ்ப்ரே, செராமிக், வெறும் கிளியர் கோட் என நான்கு வகை; ஒரு வரிசையைப் போர்வெல் தண்ணீரிலும் மற்றொன்றை ஆர்ஓ தண்ணீரிலும் கழுவி, மொட்டைமாடியில் ஒரு வருடம் வெயிலில் விட்டால் போதும். நிறம் மங்குவதை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் ஓரளவு பெரிய சாயப்பட்டறை ஆய்வுக்கூடங்களில் ஏற்கெனவே இருக்கிறது. தண்ணீரின் கடினத்தன்மையை அளப்பவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். அப்படியொரு அளவீடு கிடைக்கும்வரை, உப்புத் தண்ணீர் ஊரில் செராமிக் மெழுகைவிட மேலா என்ற கேள்விக்கு வண்டி நிற்கும் இடத்தையும் கழுவும் தண்ணீரையும் கேட்காமல் பதில் சொல்ல வழியில்லை.